பின்கதவை மூடி ஓட்டியவர்

சனிக்கிழமை மதியம். பட்டறையில் ரம்பங்கள் ஓய்ந்து எல்லாரும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்த நேரத்தில், நிதானம் என்று எல்லாரும் கூப்பிடும் டிரைவர் தன் பிக்கப் வண்டியின் டீசல் டேங்க் அருகே குந்தியிருந்தார். கையில் ஒரு லிட்டர் கேன். கேனுக்கும் டேங்குக்கும் நடுவே இரண்டு முழ ரப்பர் குழாய். பதினொரு வருஷமாக ஒருத்தர் கண்ணிலும் படாத காரியம் அன்று மச்சினன் கண்ணில் பட்டது.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. அதே பட்டறையில் இரண்டாவது வண்டியை ஓட்டுபவன். வாயை முதலில் திறந்துவிட்டு அப்புறம்தான் யோசிப்பான்.

"என்ன மாமா, அவ்வளவு தாகமா? குழாயை வாயிலேயே வச்சிருக்கலாமே!"

விளையாட்டாகத்தான் கத்தினான். மூன்று பேர் சிரித்தார்கள். பாலிஷ்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நேரே ஆபீஸ் அறைக்குப் போனார். சாயங்கால டீ வருவதற்குள் பட்டறை முழுக்கச் செய்தி பரவிவிட்டது: நிதானம் வண்டியிலிருந்து டீசல் எடுக்கிறாராம்.

அது சவப்பெட்டி செய்யும் பட்டறை. பின்பக்கம் மரக்கிடங்கு, நடுவில் இழைப்பும் பொருத்தலும், முன்பக்கம் பாலிஷும் துணி தைத்து ஒட்டுகிற இடமும். வாசலில் மூன்று பிக்கப் வண்டிகள். 'சவப்பெட்டி' என்று முழுப் பேரை அங்கே யாரும் சொல்வதில்லை. பெட்டிதான். "நாலு பெட்டி போயிருக்கு, ரெண்டு காயுது" என்று காய்கறிக் கணக்கு மாதிரிச் சொல்வார்கள். அப்படிச் சொல்லாமல் அங்கே நாள் முழுக்க நிற்க முடியாது.

நிதானத்துக்கு வயது ஐம்பத்து நாலு. முன்னால் தண்ணீர்க் கேன் வண்டி ஓட்டினார். அந்த வேலையில் நாலு மாடி ஏறி இறங்கி முழங்கால் போன பிறகு இங்கே வந்தார். நிதானம் என்ற பட்டப் பெயர் இங்கே வந்து ஆறே மாதத்தில் ஒட்டிக்கொண்டது. எந்தச் சந்தாக இருந்தாலும் பெட்டி ஏற்றிய வண்டியைப் பின்னோக்கியே கொண்டுபோய், பின்கதவு வீட்டு வாசலைப் பார்க்கும்படி நிறுத்துவார். ஹாரன் அடிக்க மாட்டார். வழியில் ஒரு சைக்கிள் நின்றால் இறங்கிப்போய்த் தானே நகர்த்தி வைப்பார். விலாசம் தெரியாவிட்டால் 'செத்த வீடு எது' என்று ஒரு நாளும் கேட்டதில்லை. "வாசல்ல ஆளுங்க நிக்கிற வீடு எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்பார். இறக்குவதற்கு முன் ஈரத்துணியால் பெட்டியின் மேல் படிந்த சாலைப் புழுதியைத் துடைப்பார். வீட்டுக்காரர்கள் கேட்கும் இரண்டு கேள்விகளுக்கு, கேட்ட அளவுக்கே பதில் சொல்வார். தலை தாழ்த்துவார். போய்விடுவார்.

இந்த ஆள்தான் திருடனாம்.

பெரியவர், அதாவது முதலாளி, பக்கவாதம் வந்து வீட்டோடு முடங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆபீஸ் நாற்காலியில் இப்போது அவருடைய மகள். முப்பது வயதிருக்கும். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பேசாமல் இருக்கத் தெரிந்த பெண்.

"எடுத்தீங்களா?"

"இல்லம்மா."

"அப்ப அந்தக் கேனும் குழாயும் எதுக்கு?"

நிதானம் அவள் தலைக்கு மேலிருந்த சுவரைப் பார்த்தார். பெரியவர் நீலப் பெயிண்டில் எழுதவைத்த விதிகள் அங்கே இருந்தன. மூன்றாவது வரி: 'காலி வண்டி திரும்பும்போது பின்கதவு இறக்கியிருக்க வேண்டும். டீசல் மிச்சம்.' சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து மேஜையில் வைத்தார்.

"நான் சாவியைக் கேட்கலையே."

"இருக்கட்டும்மா. கேக்கறதுக்கு முன்னாடி நானே கொடுத்துடறேன்."

திருடியவன்தான் இப்படிச் சாவியை வைப்பான் என்று ஆபீஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற பாலிஷ்காரர் முடிவு கட்டினார். அந்தப் பெண்ணும் அநேகமாக அப்படித்தான் நினைத்தாள். மச்சினன் மட்டும் வண்டியைத் தாண்டி வாசலுக்கு நடந்த மாமாவின் பின்னால் ஓடினான்.

"மாமா, நான் சும்மா சொன்னேன் மாமா. அந்தப் பாலிஷ் மூஞ்சி போய்ப் பத்த வைப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"பரவால்ல மாப்ள."

"என்ன பரவால்ல? எடுக்கலைன்னு அடிச்சுச் சொல்லிட்டு வர வேண்டியதுதானே!"

"சொன்னேனே."

"நீங்க சொன்ன லட்சணத்துக்கு நானே நம்ப மாட்டேன்."

வீட்டுக்குச் செய்தி அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த மனைவி எழுந்திருக்கவில்லை. மிதித்துக்கொண்டே கேட்டாள்.

"கேன் வாங்கற விஷயம் எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். பங்க்ல இருக்கிற பொண்ணு சொல்லுச்சு. 'அண்ணன் வாராவாரம் கேன்ல ஒரு லிட்டர் வாங்கிட்டுப் போறாரே, வீட்டுல ஜெனரேட்டர் வச்சிருக்கீங்களா'ன்னு. ஆமான்னு சொல்லி வச்சேன்."

"ஏன் என்கிட்ட கேக்கல?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன். ஒரு வருஷம் பார்த்தேன், ரெண்டு வருஷம் பார்த்தேன். குடிக்கிறவன் டீசலா குடிப்பான்? வேற எவளுக்காவது வண்டி கிண்டி வாங்கிக் கொடுத்திருக்கியோன்னுகூட நினைச்சேன். அப்புறம் உன் மூஞ்சியைப் பார்த்தேன். அந்த மூஞ்சிக்கு அதெல்லாம் நடக்காதுன்னு விட்டுட்டேன்."

மிஷின் நின்றது. "வாங்கற ஆளை எடுக்கற ஆள்னு சொல்றாங்க. இப்பவாவது சொல்லு."

சொன்னார். பதினொரு வருஷத்தில் முதல் தடவை, தண்ணீர்கூடக் குடிக்காமல்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம். ஒரு மூன்றடிப் பெட்டி. வெள்ளைத் துணி ஒட்டியது. வாடகைக் குடியிருப்பு ஒன்றின் கீழ்த்தளம். இறக்கிக் கொடுத்துவிட்டு, விதிப்படி பின்கதவை இறக்கியபடியே வண்டியைக் கிளப்பினார். தெருவில் வேகத்தடைகள். தடைக்குத் தடை கதவு படபடவென்று அடித்தது, சங்கிலி குலுங்கியது. மூன்றாவது தடையில் கண்ணாடியைப் பார்த்தார். ஒரு பெண் வண்டிக்குப் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தாள். செருப்பில்லை. அந்தப் பிள்ளையின் அம்மா. எதையோ மறந்து எடுத்துவந்துவிட்டோம் போலிருக்கிறது என்று வண்டியை நிறுத்தினார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு கையாலும் கதவைத் தூக்கினாள். கனமான கதவு. முதல் தடவை தூக்க முடியவில்லை, மறுபடி தூக்கினாள். கொண்டியை ஒவ்வொன்றாக மாட்டினாள். மாட்டிவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தாள்.

"நான் இறங்கக்கூட இல்ல," என்றார் நிதானம். "ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தேன். வண்டி அப்படி வாயைப் பொளந்துக்கிட்டுப் போனா, அடுத்து யாருன்னு கேட்டுக்கிட்டே போற மாதிரி இருக்காதா அவங்களுக்கு? எனக்கு அதுவரைக்கும் தோணவே இல்ல."

அன்றிலிருந்து பெட்டியை இறக்கிய கையோடு கதவை மூடிவிடுவார். பட்டறைக்கு முந்தைய வளைவில் நிறுத்தி, இறங்கி, திறந்துகொண்டு உள்ளே நுழைவார். பெரியவரிடம் சொல்லியிருக்கலாம். 'நெஞ்சு இளகிப் போச்சுன்னா மரக்கிடங்குல பலகை அடுக்கு' என்று முன்பு ஒரு டிரைவரை அவர் மாற்றியது தெரியும். சொல்லவில்லை. ஆனால் பெரியவர் சொன்ன இன்னொன்று மனசில் முள்ளாக நின்றது. கதவைத் திறந்து ஓட்டினால் காற்று தடையில்லாமல் போகும், வாரத்துக்கு ஒரு லிட்டர் மிச்சம். அப்படியானால் தான் வாரத்துக்கு ஒரு லிட்டரை அவரைக் கேட்காமல் செலவழிக்கிறோம். அந்த ஒரு லிட்டரைச் சனிக்கிழமை தோறும் திருப்பி ஊற்றினார். மச்சினன் பார்த்தபோது ஊற்றி முடிந்திருந்தது. குழாயில் நின்ற மிச்சம் மண்ணில் சிந்தாமல் இருக்கக் கேனைத் தாழ்த்திப் பிடித்திருந்தார். அதுதான் எடுப்பது போலத் தெரிந்தது.

மனைவி மிஷினில் கிடந்த துணியை எடுத்து மடித்தாள். கடைசியில், "பைத்தியம்" என்றாள். அந்தச் சொல்லை அவள் அவ்வளவு மெதுவாகச் சொல்லி அவர் கேட்டதில்லை.

திங்கட்கிழமை காலை அவர் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அவள் பட்டறைக்குக் கிளம்பினாள். தம்பியையும் கையைப் பிடித்து ஆபீஸுக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"இவன் பேச்சைக் கேட்டு என் வீட்டுக்காரரைத் திருடன்னு சொல்லிட்டீங்க. எடுத்த டீசல் எங்கே போச்சுன்னு கேட்டீங்களாம்மா? எங்க வீட்டுல ஒரு மண்ணெண்ணெய் விளக்குகூடக் கிடையாது. பங்க்ல போய்க் கேளுங்க."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அந்தத் தாய் வண்டிக்குப் பின்னால் நடந்து வந்ததைச் சொல்லும்போது மச்சினன் தலையைத் திருப்பிக்கொண்டான். முதலாளி மகள் பங்க்குக்குப் போன் செய்தாள். பிறகு மூன்று வண்டிகளின் டீசல் சீட்டுகளையும் எடுத்து மேஜையில் பரப்பினாள். மற்ற இரண்டு வண்டிகளைவிட நிதானத்தின் வண்டி வாராவாரம் கொஞ்சம் குறைவாகவே பங்க்கில் வாங்கியிருந்தது. எடுக்கிறவன் வண்டி கூடுதலாக அல்லவா வாங்க வேண்டும்?

அவரை வரச் சொன்னாள். எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டாள். அவருக்குத்தான் அது சங்கடமாக இருந்தது.

"திருடலை, அது முடிஞ்சது," என்றாள். "ஆனா பதினொரு வருஷமா விதியை மீறியிருக்கீங்க. அதுவும் எங்கப்பா கண்ணுல மண்ணைத் தூவிட்டு."

"ஆமாம்மா."

"இனிமே திறந்து ஓட்டுவீங்களா?"

"இல்லம்மா."

அருகில் நின்ற மச்சினன் அவர் முழங்கையைக் கிள்ளினான்.

"தெருவைத் தாண்டற வரைக்கும் மூடிட்டு அப்புறம் திறந்துக்கலாமே?" என்றாள் அவள்.

"எந்தத் தெருவுல யார் வீட்டுல என்ன நடந்திருக்குன்னு நமக்குத் தெரியாதும்மா. வழியெல்லாம் வீடுதானே."

அவள் பேனாவை மூடினாள். "வண்டிக்கு ஒரு லிட்டர், வாரத்துக்கு மூணு லிட்டர். வருஷம் முழுக்க. ஒருத்தருக்கு மட்டும் ஒரு விதி வைக்க என்னால முடியாது. முதல்ல அந்த ஒரு லிட்டர் நிஜமான்னு பார்க்கலாம். நிஜம்னா நீங்க கிடங்குக்குத்தான் போகணும். எனக்கு வேற வழி தெரியலை."

"சரிம்மா."

கிடங்கு என்றால் நாள் முழுக்கப் பலகை தூக்க வேண்டும். அவர் முழங்கால் அங்கே ஒரு மாதம் தாங்காது. அது அறையிலிருந்த எல்லாருக்கும் தெரியும்.

புதன்கிழமை பார்த்தார்கள். நிதானத்தின் வண்டிதான், ஆனால் ஓட்டியது மச்சினன். நடுவில் நிதானம், ஜன்னலோரம் முதலாளி மகள். பங்க்கில் டேங்கை வாய்வரை நிரப்பி, வண்டியை இடம் வலமாக ஆட்டி, நுரை அடங்கியதும் இன்னும் கொஞ்சம் ஊற்றி மூடினார்கள். அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பாலம். போய்த் திரும்ப எண்பது. வேகம் அறுபதைத் தாண்டக் கூடாது, குறையவும் கூடாது. திரும்பி வந்ததும் அதே குழாயில், அதே இடத்தில் நிறுத்தி, அதே மாதிரி ஆட்டி நிரப்ப வேண்டும். எத்தனை பிடிக்கிறதோ அதுதான் குடித்தது. ஒரு தடவை கதவு மூடி, ஒரு தடவை திறந்து, மறுபடி மூடி, மறுபடி திறந்து.

"மூடியிருக்கும்போது ஒரு சொட்டு அதிகமாக் குடிச்சா இந்த வண்டியை நானே கொளுத்திடுவேன்," என்றான் மச்சினன்.

"ரோட்டைப் பார்த்து ஓட்டு," என்றார் நிதானம்.

முதல் ஓட்டம் மூடி. போகும் வழியில் அந்தப் பெண் திரும்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். சரக்குத்தட்டில் பட்டறையிலிருந்து வந்த மரச்சீவல்கள் கொஞ்சம் கிடந்தன. காற்றில் அவை வெளியே பறக்கவில்லை. எழும்பி, சுருண்டு, முன்பக்கமாக உருண்டு வந்து கண்ணாடிக்குக் கீழே மோதின. மறுபடி எழுந்தன. "இதென்ன, காத்துக்கு எதிர்த்திசையில வருது!" என்றாள். நிதானமும் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை பார்த்ததுதான். ஏன் என்று கேட்டுக்கொண்டதில்லை.

இரண்டாவது ஓட்டம் திறந்து. முதல் இரண்டு கிலோமீட்டருக்குள் சீவல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கதவு அடித்துக்கொண்டே வந்தது. அந்த எண்பது கிலோமீட்டரும் நிதானம் ஒரு தடவைகூடப் பின்னால் பார்க்கவில்லை. எதிரே வருகிற வீடுகளையும் பார்க்கவில்லை. தன் முழங்கால்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

நாலு ஓட்டமும் முடிய மாலை ஐந்து ஆனது. பங்க்கில் இருந்த பெண் கடைசி எண்ணைச் சொன்னாள். மூடி ஓட்டியபோது ஐந்தரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல், பிறகு ஐந்தே முக்காலுக்குக் கொஞ்சம் கீழ். திறந்து ஓட்டியபோது ஐந்தே முக்கால், மறுபடி ஐந்தே முக்காலுக்கு ஒரு துளி மேல். வித்தியாசம் என்று பார்த்தால் ஒரு தம்ளர். அந்த ஒரு தம்ளரும் திறந்த பக்கம்தான் அதிகம்.

மச்சினன் பங்க்கிலேயே ஆடினான். "பாருங்க! திறந்தாத்தான் குடிக்குது! என் வண்டிதான் இத்தனை நாளா முதலாளி டீசலைத் தின்னிருக்கு! பாலிஷ் மூஞ்சியைக் கூப்பிடுங்க, என்னைப் பிடிச்சுக் கொடுக்கட்டும்!"

"ஒரு பாலத்துக்குப் போய்ட்டு வந்ததை வச்சு ஊருக்கெல்லாம் சொல்ல முடியாது," என்றாள் முதலாளி மகள். "ஆனா நம்ம வண்டிக்கு, நம்ம ரோட்டுக்கு, மூடறதால நஷ்டமில்லை. அது போதும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தச் சீவல்தான் காரணமா இருக்கணும். சீவல்னா, அதைச் சுத்தின காத்து. மூடினா காத்து உள்ளேயே சுருண்டு ஒரு மெத்தை மாதிரி கிடக்குது. மேல வர்ற காத்து அதுமேல வழுக்கிட்டுப் போயிடுது போல," என்றாள்.

நிதானம் தலையாட்டினார். முகத்தில் சந்தோஷம் வரவில்லை. பங்க்கின் ஓரத்திலிருந்த சிமெண்டு மேட்டில் போய் உட்கார்ந்தார். மச்சினன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அருகில் வந்தான்.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல."

"பதினொரு வருஷம் ஊத்தினது போச்சேன்னு பார்க்கறீங்களா?"

"போனா என்ன." கையைப் பார்த்துக்கொண்டார். அதில் டீசல் வாசனை இருந்தது. "அந்தம்மா தூக்க முடியாம தூக்கினாங்க மாப்ள. நான் உக்காந்துக்கிட்டிருந்தேன். வாராவாரம் எதையோ கட்டறோம்னு ஒரு நினைப்பு இருந்துச்சு. இப்பப் பார்த்தா நான் ஒண்ணுமே கட்டல."

மச்சினன் பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு பேரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பணம் கொடுத்துவிட்டு வந்த முதலாளி மகளும் அவசரப்படுத்தவில்லை. வண்டியில் சாய்ந்து நின்றாள்.

மறுநாள் காலை அவரை ஆபீஸுக்குக் கூப்பிட்டாள். இத்தனை வருஷம் அவர் ஊற்றியது ஐந்நூறு லிட்டருக்கு மேல் வருகிறது, அதற்கான பணத்தை வாங்கிக்கொள்ளச் சொன்னாள்.

"வேண்டாம்மா."

"எங்க டேங்க்ல ஊத்தினது. அது எங்களுக்குச் சும்மா வந்தது. நியாயமில்லை."

"உங்களுக்குன்னு நினைச்சு ஊத்தலம்மா. கணக்கை அங்கே கொண்டு வராதீங்க."

அவள் எழுந்து நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு ஏறினாள். மூன்றாவது வரியை வெள்ளைப் பெயிண்டால் அடித்தாள். அவசரமாக அடித்ததில் பெயிண்ட் நாலாவது வரியின் தலைமேல் வழிந்தது. 'பெட்டியைத் தரையில் வைத்து' என்பதில் பாதிதான் தெரிந்தது.

"இந்த இடத்துல 'பின்கதவு எப்பவும் மூடியிருக்கணும்'னு எழுதப் போறேன். மூணு வண்டிக்கும்."

"எழுதணுமாம்மா?"

"ஏன்?"

"எழுதினா செய்வாங்க. செய்யட்டும். ஆனா ஏன்னு கேட்டா டீசல்னு சொல்லிடாதீங்க."

"என்ன சொல்ல?"

அவருக்கும் தெரியவில்லை. வாயிலில் நின்ற மச்சினன், "நான் சொல்றேன். எனக்குத் தெரியும்," என்றான். விளையாட்டுப் பேச்சு அல்ல என்று அவன் குரலில் தெரிந்தது.

அப்போது போன் அடித்தது. அவள் நாற்காலியிலிருந்து இறங்கி எடுத்தாள். கேட்டாள். விலாசத்தை எழுதிக்கொண்டாள். எதிர்முனையில் இருந்தவர் அழுதாரோ என்னவோ, "மெதுவாச் சொல்லுங்க, நான் இருக்கேன்," என்று இரண்டு தடவை சொன்னாள். போனை வைத்துவிட்டு மேஜை டிராயரைத் திறந்து சாவியை எடுத்தாள். சனிக்கிழமை அவர் வைத்த சாவி.

"மாடி வீடு. படிக்கட்டு குறுகலாம். ரெண்டு பேரா போங்க."

நிதானம் சாவியை வாங்கிக்கொண்டார். அது கையில் இருப்பதை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு எப்போதும் கேட்பதைக் கேட்டார்.

"அளவு என்னம்மா?"

"அஞ்சே கால் அடி."

அவர் பெட்டிகள் காயும் பக்கமாக நடந்தார். மச்சினன் அவருக்கு முன்னால் ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்தான்.